ஆர்லிங்டன் ரோ: கூரைதான் அந்த வீட்டு வரிசையைக் கட்டியதா?

மழைத்துளி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கோவையில் கட்டடக்கலை மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். பழைய குடியிருப்பு வரிசை ஒன்றை எடுத்து, குறுக்குவெட்டு வரைந்து, "இது ஏன் இப்படி இருக்கிறது" என்று விளக்க வேண்டும். நான் எடுத்திருப்பது இங்கிலாந்தில் கிளஸ்டர்ஷயரைச் சேர்ந்த பைபரி ஊரின் ஆர்லிங்டன் ரோ. 1380 வாக்கில் மடாலயத்தின் கம்பளிக் கிடங்காகக் கட்டி, 17-ம் நூற்றாண்டில் நெசவாளர் வீடுகளாக மாற்றிய கல் கட்டடம்.

படங்களைப் பார்க்கும்போது சில விஷயங்கள் பிடிபடவில்லை. சுவரைவிடக் கூரைதான் பெரிதாகத் தெரிகிறது. அவ்வளவு செங்குத்தாக இருக்க என்ன அவசியம்? அப்புறம், வீடுகள் ஒரே ஓர் அறை ஆழம்தான் இருக்கின்றன. பின்னால் மேட்டு நிலம் இருந்தும் ஏன் அந்தப் பக்கம் விரியவில்லை? முகடும் நேராக இல்லை, அலை அலையாகப் போகிறது. வகுப்பு நண்பன் ஒருவன் அதைக் கட்டுமானக் குறை என்கிறான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆனால் அவனுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நேரில் பார்த்தவர்கள், பழைய கட்டட வேலை தெரிந்தவர்கள் யாராவது விளக்க முடியுமா?

கல்தச்சன் எழுதியது:

நல்ல கட்டடத்தைப் பிடித்திருக்கிறீர்கள். நான் செல்ட்டன்ஹாமில் இருக்கிறேன். பழைய கட்டடங்களைப் பார்த்துப் பழுதுகளை எழுதிக் கொடுப்பதுதான் வேலை, அதனால் பைபரி இருக்கும் இந்தக் கோட்ஸ்வோல்டு மலைப்பகுதிக் கூரைகளோடு நல்ல பழக்கம். உங்கள் கேள்விகள் எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில்தான் பதில் இருக்கிறது: கூரையில் வேய்ந்திருக்கும் கல்.

வழவழப்பான கருநீல ஸ்லேட் பலகையை நினைத்துக்கொள்ளாதீர்கள். இது சுண்ணாம்புக்கல். சுமார் 17 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தப் பகுதி ஆழமில்லாத, வெதுவெதுப்பான கடலாக இருந்தது. அந்தத் தரையில் உருண்டு சேர்ந்த சின்னச் சின்ன சுண்ணாம்பு மணிகள் இறுகித்தான் இங்கே சுவர்க்கல் ஆனது. கையில் ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினால் அந்த மணிகள் தனித்தனியாகத் தெரியும். கல்லில் இருக்கும் இரும்புதான் அதற்குத் தேன் நிறம் தருகிறது. வடக்குக் கோட்ஸ்வோல்டில் மஞ்சள் தூக்கலாக இருக்கும், பைபரிப் பக்கம் வரும்போது வெளிறிச் சாம்பலோடு கலந்துவிடும். தடித்த படுகை சுவருக்குப் போகும். மெல்லிய ஏடுகளாகப் பிரியும் படுகைகளும் உண்டு, அவைதான் கூரைக்கு. ஃபாரஸ்ட் மார்பிள் என்று நிலவியலாளர்கள் சொல்லும் அடுக்கிலிருந்துதான் இந்தப் பகுதிக் கூரைக்கற்கள் நிறைய எடுத்தார்கள்.

இந்தக் கல் தண்ணீரைக் கொஞ்சம் குடிக்கும். மேற்பரப்பு சமமாகவும் இருக்காது. ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் இடையில் இண்டு விழும். சரிவு குறைவாக இருந்தால் காற்று மழையை அந்த இண்டில் மேல்நோக்கித் தள்ளிவிடும். கல்லும் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு, உறைபனி வந்ததும் ஏடு ஏடாக உதிரும். தண்ணீர் நிற்காமல் ஓட வேண்டும் என்றால் ஏறத்தாழ 50 பாகைச் சரிவு வேண்டும். கூரை செங்குத்தாக நிற்பதற்குக் காரணம் இதுதான்.

சரிவு இவ்வளவு என்று ஆகிவிட்டால், கட்டடத்தை அகலமாக்க ஆக்க முகடு ஏறிக்கொண்டே போகும். அதற்கு நீளமான மரம் வேண்டும், கல்லும் கூடுதலாக வேண்டும், சுவரும் கூடுதல் பாரம் தாங்க வேண்டும். ஆகவே அகலத்தைச் சுருக்கி வைத்தார்கள். ஓர் அறை ஆழம்தான் கட்டுப்படியாகும். இடம் வேண்டும் என்றால் நீளவாக்கில் போவது ஒன்றே வழி. நீளவாக்கில் போனால் அது வரிசை ஆகிவிடுகிறது. ஆர்லிங்டன் ரோவின் தரைப்படத்தைத் தீர்மானித்தது கூரைக்கல் என்பேன்.

முகடு அலையாக இருப்பது பற்றி அப்புறம் எழுதுகிறேன், அதற்குத் தனியாக நேரம் வேண்டும்.

செந்நெல் எழுதியது:

திருச்சியில் கட்டமைப்புப் பொறியாளராக இருக்கிறேன். கல்தச்சன் சொன்னதற்கு எண் போட்டுப் பார்ப்போம், மாணவருக்கு உதவும். இவை ஆர்லிங்டன் ரோவில் அளந்தவை அல்ல, உதாரணக் கணக்கு.

சரிவு 52 பாகை, சுவருக்குச் சுவர் அகலம் 5.5 மீட்டர் என்று வையுங்கள். முகடு சுவர்த் தலைக்கு மேல் 3.5 மீட்டர் உயரத்தில் நிற்கும். அகலத்தை 9 மீட்டர் ஆக்கினால் அதே சரிவில் முகடு 5.75 மீட்டருக்குப் போய்விடும். அதாவது கீழே இன்னும் ஓர் அறை ஆழம் வேண்டும் என்பதற்காக, தலைக்கு மேல் ஒரு முழு மாடி உயரம் வெறும் கூரையாகக் கூடுகிறது.

இந்தக் கற்கள் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 100 கிலோ இருக்கும் என்பது பொதுக்கணக்கு. 5.5 மீட்டர் அகலத்தில் இருபுறச் சரிவும் சேர்ந்து மீட்டர் நீளத்துக்கு ஏறத்தாழ 9 சதுர மீட்டர் வரும். அப்படியென்றால் முன்சுவரும் பின்சுவரும் சேர்ந்து ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் 900 கிலோ கல்லைத் தாங்க வேண்டும், மரத்தின் எடை தனி. 9 மீட்டர் அகலத்தில் இது ஒன்றரை டன்னை நெருங்கிவிடும். இந்தப் பாரம் நேராகக் கீழே மட்டும் இறங்குவதில்லை, கைமரத்தின் அடி சுவரை வெளிப்பக்கம் தள்ளும். இரண்டு கைமரத்தையும் இறுக்கிப் பிடிக்க உத்திரம் வேண்டும். ஓக் மரத்தில் நீளமான, நேரான, கனமான உத்திரம் எல்லா ஊரிலும் மலிவாகக் கிடைக்காது. ஆக அகலத்தைக் கல் மட்டும் கட்டுப்படுத்தவில்லை, மரமும் சேர்ந்துதான் கட்டுப்படுத்துகிறது.

யாழ்மகன் எழுதியது:

நான் லண்டனில் இருக்கிறேன், மனைவி பிள்ளைகளோடு பைபரிக்குப் போய்ப் பார்த்த இடம் இது. சரியான வடிவான இடம். ஒரு காலத்துப் பிரித்தானிய பாஸ்போர்ட்டின் உள்ளட்டையில் இந்த வரிசைதான் அச்சடித்திருந்தது, இங்கே பலருக்கும் அது ஞாபகம் இருக்கும்.

கல்தச்சன் அண்ணையின் விளக்கம் நன்றாக இருக்கிறது, ஆனால் ஒரு இடத்தில் எனக்கு இடிக்கிறது. இதை வீடாகக் கட்டவில்லையே. மடாலயத்துக்காகக் கட்டிய கம்பளிக் கிடங்கு. கிடங்கு என்றால் எங்கேயும் நீட்டாகத்தான் இருக்கும். பொதியை உள்ளே கொண்டுபோக, காற்றோட, ஒரு பக்கத்தால் ஏற்றி இறக்க நீளமான ஒற்றைக் கொட்டகைதான் வசதி. முந்நூறு வருஷத்துக்குப் பிறகு அதைத் துண்டு போட்டு நெசவாளர்களுக்குக் கொடுத்தார்கள். அப்படியென்றால் வரிசை ஆனதற்குக் காரணம் கிடங்குதானே, கூரை எப்படி வரும்?

கல்தச்சன் எழுதியது:

யாழ்மகன், நல்ல கேள்வி. கிடங்கு நீளமாக இருந்தது என்பது சரி. ஆனால் அந்தக் கிடங்குக்கும் இதே கூரைக் கணக்கு பொருந்தும் அல்லவா? நூற்றுக்கணக்கான பொதிகளை வைக்க அகலமான கட்டடம்தான் லாபம், சுவர் குறைவாகப் பிடிக்கும். அப்படிச் செய்யாமல் ஒல்லியாக நீட்டியிருக்கிறார்கள். கோட்ஸ்வோல்டில் கிடங்காக இருந்திராத பண்ணை வீடு, பாதிரியார் வீடு, தொழிலாளர் வீடு எதைப் பார்த்தாலும் பழையவை ஓர் அறை ஆழம்தான். பெரிய வீடு வேண்டியவர்கள் அதே ஒல்லிக் கட்டடத்தை எல் வடிவில் மடக்கினார்கள், அல்லது இரண்டு ஒல்லிக் கூரைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நடுவே தண்ணீர்ப் பள்ளம் விட்டார்கள். அகலக் கூரைக்குத் துணியவில்லை.

கிடங்கை வீடாக்கியபோது என்ன நடந்தது என்பதுதான் இந்த வரிசையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கிடங்குக்கு அடுப்பு வேண்டாம், புகைபோக்கி வேண்டாம், படுக்க மாடியும் வேண்டாம். வீட்டுக்கு எல்லாம் வேண்டும். ஒன்றையும் இடிக்காமல் செருகியிருக்கிறார்கள். செங்குத்துக் கூரைக்குள் வீணாகக் கிடந்த உயரம் படுக்கை அறையாயிற்று. அதற்கு வெளிச்சம் வேண்டும். கூரையின் நடுவில் ஜன்னல் வெட்டினால் ஒழுகும். எனவே முன்சுவரையே அந்த இடத்தில் மேலே எழுப்பி, முக்கோணத் தலை கொடுத்து, ஜன்னலைச் சுவரிலேயே வைத்தார்கள். வரிசை நெடுக நீங்கள் பார்க்கும் அந்தக் கூம்புகள் அழகுக்கு வைத்தவை அல்ல, கூரைக்குள் வாழ வழி செய்தவை.

இப்போது அந்தக் கூம்பின் சிறு கூரையும் பெரிய கூரையும் சேரும் பள்ளத்தைக் கவனியுங்கள். அங்கேதான் தண்ணீர் முழுதும் வந்து கூடும். வேறு ஊரில் ஈயத் தகடு விரித்துவிடுவார்கள். இங்கே தகடு இல்லாமல், கல்லை ஆப்பு வடிவில் கொத்தி, ஒரு சரிவிலிருந்து இன்னொரு சரிவுக்கு வளைவாகத் திருப்பிக் கொண்டுபோவார்கள். மூலையே தெரியாது. ஒரு வரிசைக் கல்லும் அறுபடாமல் அப்படியே புரண்டு போகும். கல்லை வளைக்க முடியாது, வரிசையை வளைக்கிறார்கள். எனக்குத் தெரிந்த கூரைக் கொத்தனார் ஒருவர், பள்ளத்துக்கான கற்களை முதலில் தரையில் பரப்பி வைத்துச் சரிபார்த்துவிட்டுத்தான் மேலே ஏற்றுவார். அவ்வளவு நேரம் எடுக்கும் வேலை அது.

மழைத்துளி எழுதியது:

இவ்வளவு விளக்கமாக எழுதியதற்கு மிக்க நன்றி. படத்தில் கீழ்வரிசைக் கற்கள் பெரிதாகவும் மேலே போகப் போகச் சிறிதாகவும் இருக்கின்றன. இதற்கும் காரணம் இருக்கிறதா, இல்லை தோற்றத்துக்காகவா? சார், அந்த அலை முகட்டைப் பற்றியும் சொல்லுங்கள்.

கல்தச்சன் எழுதியது:

காரணம் உண்டு. கூரையின் உச்சியில் விழும் மழை அங்கே கொஞ்சம்தான். கீழே வர வர மேலிருந்து வந்த தண்ணீரும் சேர்ந்து பெருகுகிறது. எனவே கீழே நீளமான கல், நிறைய மேற்கவிதல் (மேல் கல் கீழ்க் கல்லை மூடும் நீளம்). மேலே சிறிய கல் போதும். இரண்டடி நீளக் கல்லில் தொடங்கி முகட்டுக்கு வரும்போது அரை அடிக்கு இறங்கிவிடும். கனமான கல் சுவரை ஒட்டியே நின்றுவிடும், உச்சிக்குப் போவது இலேசான கல் என்பது இன்னொரு சௌகரியம். பாறையிலிருந்து எடுத்த எந்த அளவுக் கல்லும் வீணாகாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குழியிலிருந்து ஒரே அளவில் கல் வருமா என்ன? வந்ததை அளவு பார்த்துப் பிரித்து வைத்துக் கூரை வேய்ந்தார்கள். ஒவ்வொரு அளவுக்கும் கூரைக்காரர்களிடம் ஒரு பெயர் உண்டு: பேச்சலர், பெக், விவெட், காக் என்று நீளும். அளப்பதற்கு வெட்டுக்குறி போட்ட ஒரு குச்சி வைத்திருப்பார்கள்.

கல்லை எப்படிப் பிளந்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சில படுகைகளில் தோண்டும்போதே மெல்லிய பலகையாகக் கிடைத்துவிடும். ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் ஸ்டோன்ஸ்ஃபீல்டு என்ற ஊர் இருக்கிறது, அங்கே அப்படி இல்லை. கட்டி கட்டியாகச் சுரங்கத்திலிருந்து மேலே கொண்டுவந்து, காய்ந்துவிடாமல் ஈரமாகவே மூடி வைத்திருப்பார்கள். உறைபனி இரவு வந்தால் கற்களைத் திறந்துபோட்டுத் தண்ணீர் ஊற்றுவார்கள். கல்லுக்குள் இருக்கும் ஈரம் உறைந்து விரிந்து ஏடுகளைப் பிரித்துவிடும். பனி இறங்கும் இரவில் ஊர்க்கோயில் மணி அடித்து எல்லோரையும் எழுப்புவார்கள் என்று அந்த ஊரில் சொல்வார்கள். ஒருமுறை காய்ந்த கல் அப்புறம் எந்தப் பனிக்கும் பிளக்காது. பனி குறைந்த குளிர்காலம் வந்தால் அந்த வருடப் பிழைப்பு போச்சு. 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தத் தொழில் அங்கே நின்றுவிட்டது.

முகட்டு அலைக்கு வருகிறேன். ஓக் மரத்தை அக்காலத்தில் பச்சையாகவே இழைத்துப் பூட்டுவார்கள். பச்சை ஓக் வேலைக்கு இணங்கும், காய்ந்தால் உளி இறங்காது. கூரையில் ஏறிய பிறகு பல வருடம் மெல்லக் காயும், சுருங்கும், முறுக்கும், பாரத்தில் தொய்யும். கல் ஒவ்வொன்றும் ஓர் ஓக் முளையில் ரீப்பரின்மேல் தொங்குகிறது, அவ்வளவுதான். ஆணி அடித்து இறுக்கிய கூரை இல்லை இது. கீழே மரம் நகர்ந்தால் கற்களும் கூடவே நகர்ந்து உட்கார்ந்துகொள்ளும். அந்த இடம் கொடுப்பதால்தான் இத்தனை நூற்றாண்டு நிற்கிறது. உங்கள் நண்பர் குறை என்று பார்ப்பது அசைவு முடிந்து நிலைபெற்ற வடிவம். பொறுப்பான ஆய்வாளர் கேட்க வேண்டிய கேள்வி "வளைந்திருக்கிறதா" என்பதல்ல, "இன்னும் வளைந்துகொண்டிருக்கிறதா" என்பது.

கார்டிஃப் ரதி எழுதியது:

தாமதமாக வருகிறேன். எல்லோருடைய பதிவும் அருமை. ஆனால் "கூரைதான் வரிசையைக் கட்டியது" என்பதை முழுதாக ஏற்க முடியவில்லை. அதே தீவில் வேறு இரண்டு கல் வரிசைகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஒன்று, இங்கிலாந்தின் சோமர்செட்டில் உள்ள வெல்ஸ் (வேல்ஸ் நாடு அல்ல) நகரத்துப் பேராலயத்தை ஒட்டிய விகார்ஸ் க்ளோஸ். 1348-ல் தொடங்கியது. பாடகர் குழுவில் இருந்த மதகுருக்கள் ஊருக்குள் சிதறிக் கிடக்கக் கூடாது, ஒரே இடத்தில் ஒழுங்காக இருக்க வேண்டும் என்று ஆயர் ரால்ஃப் கட்டிக்கொடுத்த வீடுகள். ஆளுக்குக் கீழே ஓர் அறை, மேலே ஓர் அறை. எதிரெதிரே இரண்டு வரிசை. மேல்முனையில் தெரு சுமார் 3 மீட்டர் குறுகுகிறது, அதனால் கீழே நின்று பார்த்தால் தெரு உள்ளதைவிட நீளமாகத் தெரியும். அந்த வரிசையை வரிசையாக்கியது திருச்சபையின் கட்டுப்பாடு.

இன்னொன்று எங்கள் வேல்ஸ் பக்கத்து ரிட்-இ-கார். மெர்திர் டிட்வில் ஊரில் இரும்பு ஆலை முதலாளி ரிச்சர்ட் கிராஷே, தன் சுரங்கத் தொழிலாளர்களுக்காக 18-ம் நூற்றாண்டின் கடைசியில் கட்டிய கல் வீடுகள். சேர்த்துக் கட்டினால் இரண்டு வீட்டுக்கு ஒரு சுவர் போதும், கல்லும் கூலியும் மிச்சம், பக்கத்து வீட்டு அடுப்புச் சூடும் சுவர் வழியே கிடைக்கும். குறுகலாகக் கட்டினால் அதே நிலத்தில் இன்னும் இரண்டு குடும்பத்தைக் குடிவைக்கலாம். அங்கே வரிசை என்பது வாடகைக் கணக்கு.

யார் நிலம், யார் பணம், யாரைக் குடிவைக்க என்பதுதான் முதலில் வரும். கூரை அதற்கு அப்புறம் வருகிற எல்லை.

செந்நெல் எழுதியது:

ரதி அக்கா சொல்வதும் கல்தச்சன் சொல்வதும் வேறு வேறு அளவுகளைப் பற்றியது என்று நினைக்கிறேன். எத்தனை வீடு, எவ்வளவு முகப்பு அகலம், சேர்த்தா தனித்தா என்பதைப் பணம் தீர்மானிக்கிறது. முன்சுவரிலிருந்து பின்சுவர் வரை உள்ள ஆழத்தைக் கூரை தீர்மானிக்கிறது. மழைத்துளி வரையப்போவது குறுக்குவெட்டு. குறுக்குவெட்டில் தெரிவது அந்த ஆழம்தான்.

இதைச் சோதிக்கவும் வழி இருக்கிறது. கால்வாயும் ரயிலும் வந்து, வேல்ஸ் மலைகளின் ஸ்லேட் பலகை நாடு முழுக்கப் போன பிறகு என்ன ஆயிற்று? அது மெல்லியது, சமமானது, தண்ணீர் குடிக்காது. 30 பாகைச் சரிவிலேயே வேலை செய்யும். 19-ம் நூற்றாண்டுத் தொழிலாளர் வரிசை வீடுகளைப் பார்த்தால் முன்னறை, பின்னறை என்று இரண்டு அறை ஆழம் சாதாரணமாகிவிட்டது. முதலாளியின் வாடகைக் கணக்கு மாறவில்லை, நிலத்தின் விலை குறையவில்லை. மாறியது கூரைமேல் இருந்த கல்.

கார்டிஃப் ரதி எழுதியது:

சரி, ஆழத்துக்குக் கூரை என்பதை ஒத்துக்கொள்ளலாம். அப்படிப் பிரித்துச் சொன்னால் எனக்கு மறுப்பு இல்லை.

ரிட்-இ-கார் பற்றி இன்னும் ஒரு விஷயம் மாணவருக்குப் பயன்படும். 1979 டிசம்பர் வெள்ளத்தில் அந்த வீடுகள் அடிபட்டன. இடித்துவிடும் நிலை வந்தபோது ஆறு வீடுகளைக் கல் கல்லாகப் பிரித்து, கார்டிஃபுக்கு வெளியே செயின்ட் ஃபேகன்ஸ் திறந்தவெளி அருங்காட்சியகத்தில் மறுபடி கட்டி, 1987-ல் திறந்தார்கள். ஆறையும் ஒரே காலத்துக்கு அலங்கரிக்கவில்லை. 1805, 1855, 1895, 1925, 1955, 1985 என்று வீட்டுக்கு ஒரு காலம். ஒரே கல் கூட்டுக்குள் பழைய அடுப்பிலிருந்து தொலைக்காட்சி வரை வந்து போகிறது. முதல் வீட்டுக்குள் நுழைந்து கடைசி வீட்டில் வெளியே வந்தால், சுவர் அப்படியே இருக்க வாழ்க்கை எவ்வளவு மாறியது என்று உடம்புக்கே தெரியும். வரிசை வீட்டுக்கு இதைவிட நல்ல விளக்கம் நான் பார்த்ததில்லை.

யாழ்மகன் எழுதியது:

கல்லைப் பிரித்து வேறிடத்தில் கட்டுவது என்றதும் அமெரிக்கக் கார் முதலாளி ஹென்றி ஃபோர்டு ஞாபகம் வருகிறார். அவருக்குக் கோட்ஸ்வோல்டு வீடுகள்மேல் அவ்வளவு ஆசை. பைபரிக்குப் பக்கத்தில் செட்வர்த் ஊரில் ஒரு 17-ம் நூற்றாண்டுக் கல் வீட்டை வாங்கி, கற்களுக்கு எண் போட்டு, கப்பலில் ஏற்றி, 1930-ல் மிச்சிகனில் டியர்பார்னில் உள்ள தன் திறந்தவெளி அருங்காட்சியகமான கிரீன்ஃபீல்டு வில்லேஜில் திரும்பக் கட்டினார். இப்போதும் அங்கே நிற்கிறது.

இதை நினைத்தால் எனக்கு மனது சங்கடமாகத்தான் இருக்கிறது. வெள்ளத்தில் போக இருந்ததைக் காப்பாற்றுவது வேறு, நன்றாக நின்றுகொண்டிருந்ததைப் பிடுங்கிக்கொண்டு போவது வேறு. மிச்சிகன் வெயிலும் பனியும் அந்தக் கல்லுக்குப் பழக்கமா? கீழே இருந்த பாறையும் அந்தச் சுவரும் ஒரே சாதிக் கல். அங்கே அது விருந்தாளி.

கல்தச்சன் எழுதியது:

அந்த வீட்டைக் கட்டக் கோட்ஸ்வோல்டிலிருந்தே கைவேலைக்காரர்களை ஃபோர்டு வரவழைத்தார். கல்லை மட்டும் அனுப்பினால் கூரை நிற்காது என்று தெரிந்திருந்தது, அந்த அளவுக்கு மதிப்பேன். மற்றபடி யாழ்மகன் சொன்னதே என் கருத்தும்.

ஆர்லிங்டன் ரோ இடம் பெயராமல் நிற்கக் காரணம், அதற்கு எப்போதும் ஏதோ ஒரு வேலை இருந்தது. முதலில் கம்பளி. பிறகு நெசவு: வீட்டில் நெய்த துணியை ஆர்லிங்டன் மில்லுக்குக் கொண்டுபோய் அடித்துக் கெட்டிப்படுத்தி, எதிரே இருக்கும் ரேக் ஐல் என்ற நீர் சூழ்ந்த புல்திட்டில் சட்டங்களில் இழுத்துக் கட்டிக் காயவைத்தார்கள். வரைபடம் போடும்போது கோல்ன் ஆற்றையும் ரேக் ஐலையும் விட்டுவிடாதீர்கள், மழைத்துளி. வீட்டு வரிசை, ஓடை, காயப்போடும் திட்டு, மில் எல்லாம் சேர்ந்து ஒரே தொழிற்கூடம். இன்று அந்தத் திட்டில் நீர்ச்செடியும் பறவையும்தான். 1949-லிருந்து வரிசை பாரம்பரிய இடங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் அறக்கட்டளையின் கையில் இருக்கிறது, பெரும்பாலும் வாடகைக்குக் குடித்தனம் நடக்கிறது. முதல் தரப் பாதுகாப்புப் பட்டியலில் உள்ள கட்டடம் என்பதால் ஒரு ஜன்னலை மாற்றக்கூட அனுமதி வேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கையும் எழுதுகிறேன், ஏனென்றால் வேலையில் நான் அதிகம் காண்பது இந்தச் சேதம்தான். இந்தச் சுவர் அரை மீட்டருக்கு மேல் தடிமன். வெளியே ஒரு தோல், உள்ளே ஒரு தோல், நடுவில் சில்லுக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். மழை கொஞ்சம் உள்ளே போகும், வெயிலில் சாந்து இணைப்பு வழியாகத் திரும்பி வெளியே வந்துவிடும். சாந்து கல்லைவிட மென்மையாக இருக்க வேண்டும் என்பதுதான் விதி. 20-ம் நூற்றாண்டில் "உறுதியாக இருக்கட்டும்" என்று இணைப்புகளில் சிமெண்டை அடைத்தார்கள். சிமெண்ட் ஈரத்தை விடாது. ஈரம் கல் வழியாக வெளியே வர ஆரம்பிக்கும், பனியில் உறையும், கல்லின் முகம் பொரிந்து உதிரும். சில ஆண்டில் சிமெண்ட் கோடு புடைத்து நிற்கும், அதற்கு நடுவில் கல் குழிந்து போயிருக்கும். அப்படி ஒரு சுவரைத் தொட்டால் கை முழுக்க மாவு. சிமெண்டைச் சுரண்டி எடுத்துச் சுண்ணாம்புச் சாந்து வைப்பது மட்டுமே வழி. போன கல் போனதுதான்.

வடிவமைப்பாளரும் எழுத்தாளருமான வில்லியம் மாரிஸ் 1877-ல் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கியது சிமெண்டுக்கு எதிராக அல்ல, பழையதைச் சுரண்டிப் "புதுப்பிக்கும்" வெறிக்கு எதிராக. ஆனால் "அன்றாடப் பராமரிப்பால் சிதைவைத் தள்ளிப்போடு" என்று அந்தச் சங்கம் சொன்னது இங்கே அப்படியே பொருந்தும். பைபரியை இங்கிலாந்தின் மிக அழகான கிராமம் என்று அவர் சொன்னதாக ஊரில் எல்லா நினைவுப்பொருள் கடையிலும் எழுதியிருக்கும். அந்த வாசகத்தைவிட அவருடைய சங்கம் சொன்ன வேலைமுறைதான் அந்த ஊருக்கு உண்மையில் உதவியது.

மழைத்துளி எழுதியது:

கூரையைப் பழுதுபார்க்கும்போது கல்லைத் தூக்கி எறிந்துவிடுவார்களா? புதுக் கல் கிடைக்கிறதா?

கல்தச்சன் எழுதியது:

எறிய மாட்டார்கள், தங்கம் அது. கல்லுக்கு முன்னால் முளையும் ரீப்பரும் உளுத்துப்போகும். அப்போது கூரை முழுவதையும் கழற்றி, ஒவ்வொரு கல்லையும் சுத்தியல் நுனியால் தட்டிப் பார்ப்பார்கள். கணீரென்றால் நல்ல கல், மந்தமாக ஒலித்தால் உள்ளே ஏடு விட்டிருக்கிறது. பொதுவாகக் கெடுவது மேல்முனை, முளைத்துளை இருக்கும் இடம். அதை வெட்டிவிட்டுப் புதுத் துளை போடுவார்கள். கல் சில அங்குலம் குட்டையாகிவிடும், ஆகவே பழைய வரிசைக்குப் பொருந்தாது, ஒரு வரிசை மேலே போய் உட்காரும். அடுத்த பழுதில் இன்னும் கொஞ்சம் மேலே. கூரையின் கீழ்விளிம்பான இறவாரத்தில் தொடங்கிய கல் சில நூறு ஆண்டில் முகட்டை நோக்கி ஏறிவருகிறது. அதனால்தான் எங்களுக்கு எப்போதும் தட்டுப்பாடு கீழ்வரிசைப் பெரிய கல்லுக்கு. சின்னக் கல் தாராளம்.

புதுக் கல் எடுக்கும் குழிகள் மிகக் குறைவு. அதனால் பழைய கொட்டகையைக் கழற்றி வீட்டுக்குப் போடுகிறார்கள், ஒன்றைக் காப்பாற்ற இன்னொன்று மொட்டையாகிறது. திருட்டும் நடக்கிறது. சிறு குழிகளை மறுபடி திறக்க அனுமதி தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. குழி தோண்டினால் நிலக்காட்சி கெடும் என்று எதிர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அவர்கள் காப்பாற்ற விரும்பும் நிலக்காட்சியே அந்தக் குழிகளிலிருந்து வந்ததுதான்.

யாழ்மகன் எழுதியது:

போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோளும் வைக்கிறேன். நாங்கள் போன அன்று சனம் என்றால் அப்படி ஒரு சனம். ஜன்னலில் முகத்தை ஒட்டி உள்ளே பார்க்கிறார்கள், வாசல்படியில் உட்கார்ந்து படம் எடுக்கிறார்கள். சுற்றுலாப் பேருந்தை எங்கே நிறுத்துவது என்பதே ஊரில் பெரிய பிரச்சினை. உள்ளே ஒரு குடும்பம் சமைத்துக்கொண்டிருக்கிறது என்பதை மறக்கக்கூடாது. ஓடைக்கு இந்தப் பக்கம் நின்றாலே வரிசை முழுதும் தெரியும்.

மழைத்துளி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. குறுக்குவெட்டை எங்கிருந்து தொடங்குவது என்று மட்டும் சொல்லுங்கள். பழக்கப்படி அடித்தளத்திலிருந்து மேலே போகட்டுமா?

செந்நெல் எழுதியது:

இந்தக் கட்டடத்துக்கு மேலிருந்து கீழே வாருங்கள். முதலில் கூரைக் கோணம், பிறகு கல்லின் தடிமன், மேற்கவிதல், முளை, ரீப்பர். இறவாரத்திலிருந்து மேலே ஒரு மூன்று நான்கு வரிசையை 1:5 அளவில் தனியாகப் பெரிதாக்கிப் போடுங்கள், ஒரு கல்லின்கீழ் இன்னும் இரண்டு கல் இருப்பது அதில்தான் தெரியும். சுவரை 1:20-ல் வரையும்போது இரண்டு தோலையும் நடுச் சில்லையும் தனித்தனியாகக் காட்டுங்கள், ஒரே திண்டாகக் கோடு அடித்துவிடாதீர்கள்.

கல்தச்சன் எழுதியது:

அதோடு கீழ்வரிசையைச் சற்றுத் தூக்கி வையுங்கள். இறவாரத்தில் அடியில் ஒரு கல் வைத்து, அதன்மேல் வரும் முதல் வரிசையின் சரிவைக் குறைத்திருப்பார்கள். தண்ணீர் சுவரில் வழியாமல் எட்டிப்போய் விழுவதற்கு அந்தச் சிறு மடக்குதான். முதலில் கட்டியபோது மழைநீர்க் குழாய் கிடையாது, இது ஒன்றே பாதுகாப்பு. மாணவர் வரைபடங்களில் பெரும்பாலும் விடுபடுவது இந்த மடக்கு. வரைந்ததும் இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறோம்.